ஊராட்சி காக்க வேண்டிய காற்று

கிராமத்தின் காற்றைக் கெடுப்பவற்றில் பெரும்பகுதி கிராமத்தின் எல்லைக்குள்ளேயே பிறக்கிறது. தெருமுனையில் எரியும் குப்பை, விறகடுப்பின் புகை, லாரி போகும் பாதையில் எழும் புழுதி, கல் உடைக்கும் கிரஷரின் தூசு, வயலில் கொளுத்தப்படும் கரும்புத் தோகை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் சிலவற்றைக் கிராம ஊராட்சியே நிறுத்த முடியும். மற்றவற்றைக் குறைக்க வழிசெய்ய முடியும். எரிகிற எதுவும் புகையோடு புவியைச் சூடாக்கும் வாயுக்களையும் வெளிவிடுகிறது. ஆகவே காற்றைத் தூய்மையாக்க ஓர் ஊராட்சி செய்யும் வேலையில் பெரும்பகுதி காலநிலையைக் காக்கும் வேலையும் ஆகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் உள்ள கிளியனூரின் சுற்றுவட்டாரத்தில் இந்த இரண்டின் தொடர்பையும் தெளிவாகக் காணலாம். நெடுஞ்சாலையில் இரவு பகலாக வாகனங்கள் ஓடுகின்றன. வானூர் வட்டத்தில் திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகளும் கிரஷர்களும் இயங்குகின்றன. கிழக்கே கழுவெளி ஏரி இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு அது. அதையொட்டி மரக்காணத்து உப்பளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்துள்ளன. உப்பு திறந்த பாத்தியில் விளைகிறது. காற்றில் பறக்கும் தூசு பாத்தியில் படிந்தால் உப்பின் வெண்மை மங்கும். பருவம் தப்பி மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்துபோகும். இந்தக் கடற்கரையில் காற்றின் தரமும் வானிலையும் மக்களின் அன்றாடக் கூலியைத் தீர்மானிக்கின்றன.

நுண்துகளும் வெப்பமும்

காற்றின் தரத்தை அளக்கும்போது முதலில் பார்க்கப்படுவது நுண்துகள்களின் அளவு. 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் விட்டமுள்ள துகள்கள் ஒரு வகை, 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை மற்றொரு வகை. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். புழுதியும் கல் தூசும் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. எரியும் பொருள்களின் புகையில் இரண்டாம் வகை மிகுதி. இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தை இவை கூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013ஆம் ஆண்டு வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ள தரவரையறையின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மைக்ரான் துகள்களின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். 10 மைக்ரான் துகள்களுக்கு இது 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டுதல் இவற்றை முறையே 5, 15 மைக்ரோகிராம் என்று குறைத்துவிட்டது. இந்திய வரம்புக்குள் இருக்கும் காற்றும் உடலுக்கு முழுமையாகப் பாதுகாப்பானதல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

கடற்கரை ஊர்களுக்குக் கடற்காற்று ஒரு துணை. பகலில் அது புகையையும் தூசையும் கலைத்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நிலைமை வேறு. தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பமான காற்றும் தங்கும்போது புகை மேலெழ வழியின்றித் தெருவிலேயே படர்ந்து நிற்கும். போகிப் பண்டிகை இந்தப் பருவத்தில்தான் வருகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்தது. அன்று எரிந்த பொருள்களில் பழைய துணியோடு டயரும் பிளாஸ்டிக்கும் இருந்தன.

புகையில் உள்ள கருங்கரி சூரிய வெப்பத்தை ஈர்த்துக் காற்றைச் சூடாக்குகிறது. அது வளிமண்டலத்தில் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை மட்டுமே தங்கும். அழுகும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் தரும் வெப்பம் ஒரு டன் கரியமில வாயு தருவதைப் போல் சுமார் 28 மடங்கு. இவ்விரண்டையும் குறைத்தால் பலன் விரைவில் தெரியும். இவை பிறக்கும் அடுப்பும் குப்பைமேடும் உள்ளாட்சிக்கு மிக அருகில் இருப்பவை.

சட்டம் தரும் பொறுப்பு

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 29 துறைகளை வரிசைப்படுத்துகிறது. சமூகக் காடு வளர்ப்பு, எரிபொருளும் தீவனமும், மரபுசாரா எரிசக்தி, சிறுபாசனமும் நீர் மேலாண்மையும், சுகாதாரம், சாலைகள் ஆகியவை அவற்றில் உண்டு. 'காற்று' என்று தனியாக ஒரு துறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் காற்றைக் கெடுக்கும் செயல்களில் பல இந்தத் துறைகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தெருக்களைத் துப்புரவு செய்வதையும் குப்பையை அகற்றுவதையும் சாலை அமைப்பதையும் தெருவிளக்கையும் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் ஆக்குகிறது. சாலையோரம் மரம் நடுவது விருப்பக் கடமைகளில் ஒன்று. தொழிற்சாலைப் புகைக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், குவாரி உரிமத்துக்குக் கனிமவளத் துறையும், வாகனப் புகைக்குப் போக்குவரத்துத் துறையும் பொறுப்பு. எது தன் கையில் உள்ளது, எதற்கு யாரிடம் முறையிட வேண்டும் என்று பிரித்து அறிவது ஊராட்சியின் முதல் வேலை.

நகரங்களின் அனுபவம்

உள்ளாட்சிக்கு அதிகாரமும் பணமும் கிடைத்தால் காற்று மாறும் என்பதற்கு லண்டன் பழைய சான்று. 1952 டிசம்பரில் அந்நகரை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன் விளைவாக 1956இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம், புகை விலக்குப் பகுதிகளை அறிவிக்கும் உரிமையை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது. அப்பகுதிகளில் வீட்டுக் கணப்புகளை மாற்றிக்கொள்ள மக்களுக்கு மானியமும் கிடைத்தது. தடையும் உதவியும் சேர்ந்தே வந்ததால் அந்தச் சட்டம் வேலை செய்தது.

இந்தியாவில் தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. காற்றின் தரம் குறைந்த நகரங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்திட்டம் வகுப்பது அதன் முறை. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி ஆகியவற்றோடு தூத்துக்குடியும் அதில் இடம்பெற்றது. தூத்துக்குடியும் உப்பள நகரம். அனல் மின் நிலையமும் துறைமுகமும் கனரக லாரிகளும் உப்புப் பாத்திகளுக்கு அருகிலேயே இயங்குகின்றன. கடற்காற்று வீசும் ஊரிலும் துகள் மாசு வரம்பு மீறும் என்பதற்கு அந்நகரம் பட்டியலில் இருப்பதே போதிய சான்று.

பெருநகர சென்னை மாநகராட்சி 2023 ஜூன் மாதம் தனது காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் கரிமச் சமநிலையை எட்டுவது அதன் இலக்கு. மின்சாரம், கட்டிடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளம், எளிய மக்களின் பாதுகாப்பு என்று அது துறைவாரியாகப் பணிகளைப் பிரித்துக் காட்டுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு தீப்பற்றி, சுற்றியுள்ள குடியிருப்புகள் நாள்கணக்கில் புகையில் தவித்தன. குப்பை மேலாண்மை ஏன் காற்றுக்கும் காலநிலைக்கும் பொதுவான பணி என்பதை அந்தத் தீ உணர்த்தியது.

காற்றை அளக்கும் நிலையங்களும் தூய காற்றுக்கான நிதியும் இன்றுவரை பெரும்பாலும் நகரங்களை நோக்கியே செல்கின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. அங்கு வாழும் மக்களின் காற்றைக் காக்கத் தனித் திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள துப்புரவு, எரிசக்தி, மரம் நடுதல், நீர்நிலைத் திட்டங்களைக் காற்றை மனத்தில் வைத்து நடத்தினாலே பெரும் மாற்றம் வரும்.

குப்பைக்குத் தீ வைக்காமல்

ஊராட்சி உடனே கைவைக்கக்கூடிய பணி குப்பை எரிப்பை நிறுத்துவது. பிளாஸ்டிக் கலந்த குப்பை குறைந்த வெப்பத்தில் எரியும்போது நுண்துகளோடு நச்சு வாயுக்களும் எழுகின்றன. பிவிசி எரிந்தால் டையாக்சின் உருவாகிறது. குப்பை எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதைப் போட வேறு இடம் இல்லாததே. ஆகவே தடை விதிப்பதற்கு முன் சேகரிப்பு ஒழுங்காக நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கத் தூய்மைக் காவலர்கள் அமர்த்தப்பட்டுள்ளனர். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் அவர்களின் வேலை பாதியாகக் குறையும். மக்குவது உரக்குழிக்குப் போகும். காற்றோட்டத்தோடு மக்கினால் மீத்தேன் எழுவதும் குறைவு. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை வசிக்கும் கிராமங்களுக்குத் திடக்கழிவுப் பணிக்காக ஆளுக்கு 60 ரூபாய் வரையிலும், அதற்கு மேற்பட்ட கிராமங்களுக்கு 45 ரூபாய் வரையிலும் நிதி ஒதுக்கப்பட்டது. பிளாஸ்டிக் கழிவைக் கையாளும் கூடத்துக்கு ஒன்றியம் ஒன்றுக்கு 16 லட்சம் ரூபாய் வரை உண்டு.

சேகரித்த பிளாஸ்டிக்குக்கும் பயன் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவிப் பூசிப் பிறகு தாரோடு கலந்து சாலை போடும் முறையை உருவாக்கினார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் பல ஊரகச் சாலைகள் இந்த முறையில் போடப்பட்டுள்ளன. தெருவில் எரிந்திருக்க வேண்டிய பொருள் சாலையை உறுதிப்படுத்துகிறது.

போகிக்கு முந்தைய வாரம் ஊராட்சியே பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைத் தனியாகச் சேகரித்துவிட்டால் அன்று எரிக்க நச்சுப் பொருள் மிஞ்சாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் பிளாஸ்டிக் பை ஊருக்குள் வருவதையே குறைக்க முயல்கிறது.

அடுப்பும் வயலும்

கிராமத்துப் பெண்கள் சுவாசிக்கும் புகையில் பெரும்பங்கு விறகடுப்பிலிருந்து வருகிறது. மரக்காணம், கோட்டக்குப்பம் பக்கத்தில் சவுக்குத் தோப்புகள் ஏராளம். மிளாரும் சருகும் காசில்லாமல் கிடைக்கும் எரிபொருள். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் அதற்கு முன்பே தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட இலவச எரிவாயு அடுப்பும் பல வீடுகளில் புகையைக் குறைத்தன. இருந்தாலும் சிலிண்டர் தீர்ந்து அடுத்ததை வாங்கப் பணமில்லாத நாள்களில் விறகு திரும்பிவிடுகிறது. கால்நடை உள்ள வீடுகளில் சாண எரிவாயுக் கலனும், அங்கன்வாடி, பள்ளிச் சத்துணவுக் கூடங்களில் புகையில்லா அடுப்பும் அமையுமாறு ஊராட்சி பார்த்துக்கொள்ளலாம். ஊரில் பல குழந்தைகள் ஒன்றாக இருக்கும் இடம் சத்துணவுக் கூடத்தின் அருகே என்பதால் அங்கிருந்து தொடங்குவது முறை.

விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பெயர்பெற்றது. வெட்டிய பிறகு தோகையை வயலிலேயே கொளுத்தும் வழக்கம் உள்ளது. கொளுத்தினால் தோகையில் உள்ள தழைச்சத்தும் கரிமமும் புகையாகப் போய்விடும். பார்களில் பரப்பி மூடாக்காக விட்டாலோ கருவி கொண்டு தூளாக்கி மண்ணில் கலந்தாலோ ஈரம் காக்கப்படும், களை குறையும், அடுத்த பயிருக்கு உரமும் ஆகும். தோகை தூளாக்கும் கருவியை ஒரு விவசாயி தனியே வாங்குவது கடினம். கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ வாங்கி வாடகைக்கு விட ஊராட்சி ஏற்பாடு செய்யலாம்.

ஜல்லித் தூசு

குவாரிக்கும் கிரஷருக்கும் உரிமம் தருவது ஊராட்சியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. தூசைக் கட்டுப்படுத்தும் விதிகள் தெளிவாக இருக்கின்றன: கல் உடைக்கும் இடத்திலும் கொட்டும் இடத்திலும் தண்ணீர் தெளிக்க வேண்டும், இயந்திரங்களை மூடி அமைக்க வேண்டும், காற்று வரும் பக்கம் தடுப்புச் சுவரும் மரவரிசையும் வேண்டும், உள்பாதையை நனைத்து வைக்க வேண்டும், டிப்பர் லாரிகள் தார்ப்பாய் மூடிச் செல்ல வேண்டும். இவை மீறப்படுவதை முதலில் பார்ப்பவர்கள் ஊர்மக்கள். தேதியோடும் இடத்தோடும் பதிவு செய்து, கிராம சபைத் தீர்மானத்துடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்பப்படும் புகாருக்குத் தனிமனிதரின் மனுவைவிட எடை அதிகம். பெரிய குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. அங்கே சொல்லப்படுவது பதிவாகிறது.

இதற்கு நிதியும் உண்டு. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபின் ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை அமைக்க வழி ஏற்பட்டது. குவாரிகளால் பாதிக்கப்படும் ஊர்களின் குடிநீர், மருத்துவம், மாசுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு அந்த நிதியில் முன்னுரிமை உண்டு. குவாரிச் சாலையைச் செப்பனிடவும் தூசால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை நடத்தவும் ஊராட்சிகள் அதிலிருந்து கேட்டுப் பெறலாம். கல் தூசில் உள்ள சிலிக்கா ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோய் வரும். அதைத் தடுக்க முடியும், குணப்படுத்த முடியாது.

மின்சாரம்: ஓடந்துறை காட்டிய வழி

ஊராட்சியின் செலவில் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்குமான மின்கட்டணம் பெரும்பங்கு எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 300 தெருவிளக்குகள் உள்ள ஓர் ஊராட்சி 40 வாட் குழல்விளக்குகளை 20 வாட் எல்இடி ஆக்கினால், இரவுக்கு 11 மணி நேரம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 24,000 யூனிட் மிச்சமாகும். கரியமில வாயுவில் ஏறத்தாழ 17 டன் குறையும்.

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதைவிடப் பல படி மேலே சென்றது. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது 2003இல் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து அதனால் குடிநீர் மோட்டாரை இயக்கினார்கள். 2006இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு போக மீதம் 1.15 கோடி வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊராட்சியின் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடன் அடைக்கப்பட்டது. கடன் தீர்ந்தபின் அந்த வருமானம் ஊருக்கே சொந்தம். அந்த அளவு மின்சாரம் இன்றைய சராசரிப்படி ஆண்டுக்கு சுமார் 470 டன் கரியமில வாயுவைத் தவிர்க்கும். முதலீட்டுக்கு முன் ஊராட்சி தன் வரி வசூலைச் சீர்செய்து சேமிப்பு உண்டாக்கியிருந்தது. வங்கி நம்பிக் கடன் தந்ததற்கு அதுவே அடிப்படை.

ஜம்மு பகுதியின் சம்பா மாவட்டத்தில் உள்ள பள்ளி ஊராட்சி, 2022 ஏப்ரல் 24இல் 500 கிலோவாட் சூரிய மின்நிலையம் பெற்றது. 2024இல் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில் கூரைமேல் சூரிய மின்தகடு அமைக்கும் வீட்டுக்கு மானியம் போவதோடு, அதை ஊக்குவிக்கும் உள்ளாட்சிக்கு ஓர் இணைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்று என மாதிரிச் சூரிய கிராமத்துக்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. உப்பு விளையும் அளவுக்கு வெயில் காயும் மரக்காணம் வட்டாரத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும் வாய்ப்பு.

மரமும் நீர்நிலையும்

கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலுள்ள மீனங்காடி ஊராட்சி 2016இல் கரிமச் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஊர் வெளிவிடும் கரியமில வாயுவையும் மரமும் மண்ணும் ஈர்க்கும் அளவையும் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு 11,000 டன்னுக்கு மேல் இடைவெளி இருந்தது. அதை நிரப்ப 'மர வங்கி' உருவானது. நட்ட மரத்தை வெட்டாமல் காக்கும் விவசாயிக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டுக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கும். மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். நடுவதற்கு அல்லாமல் வளர்ந்து நிற்பதற்குப் பணம் தருவது அந்தத் திட்டத்தின் சிறப்பு.

கழுவெளிப் பகுதியில் மரத்துக்கு இணையான இடம் சதுப்புக்கு உண்டு. உவர்ச் சதுப்பின் சேற்றில் புதையும் கரிமம் நெடுங்காலம் வெளிவராமல் தங்கும். ஏரி வறண்டாலோ நிலமாக மாற்றப்பட்டாலோ அது மீண்டும் காற்றுக்கு வந்துவிடும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பு கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயம் வனத்துறையின் பொறுப்பு. அதற்கு நீர் கொண்டுவரும் ஏரிகளும் ஓடைகளும் வாய்க்கால்களும் சுற்றியுள்ள ஊராட்சிகளின் எல்லையில் இருக்கின்றன. வரத்து வாய்க்காலில் குப்பை கொட்டாமலும் ஆக்கிரமிப்பு இல்லாமலும் காப்பது ஊராட்சிகள் கழுவெளிக்குச் செய்யும் பெரிய உதவி.

புயலுக்கு ஆயத்தம்

காலநிலை நடவடிக்கைக்கு இன்னொரு பாதியும் உண்டு: வந்துகொண்டிருக்கும் மாற்றத்தைத் தாங்க ஊரைத் தயார் செய்வது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. வங்கக் கடலின் மேற்பரப்பு சூடேறும்போது புயல்கள் சுமந்துவரும் நீரும் கூடுகிறது.

ஏரிக்கரைகளையும் மதகுகளையும் ஐப்பசிக்கு முன்பே பழுதுபார்ப்பது, கலங்கலிலிருந்து நீர் வடியும் பாதையைத் திறந்து வைப்பது, தாழ்வான குடியிருப்புகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பது ஆகியவை ஊராட்சியின் பணிகள். கோடையில் வெப்ப அலையும் இதே பட்டியலில் சேரும். உப்பளத்தில் வெள்ளைத் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் நிற்கும் தொழிலாளர்களுக்கு நிழல் கொட்டகையும் குடிநீரும் உயிர்காக்கும் ஏற்பாடுகள்.

கணக்கும் கிராம சபையும்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. காற்றுக்கும் காலநிலைக்கும் அதில் ஒரு நிரந்தரப் பொருள் ஒதுக்கினால் வேலை தொடர்ந்து நடக்கும். தொடக்கமாக எளிய கணக்கு ஒன்று போதும்: ஊரில் எத்தனை இடங்களில் குப்பை எரிகிறது, எத்தனை வீடுகள் விறகில் சமைக்கின்றன, மின்கட்டணம் எவ்வளவு, நட்ட மரங்களில் எத்தனை பிழைத்தன, எந்த வாய்க்கால் அடைபட்டுள்ளது. அடுத்த சபையில் அதே கணக்கைத் திரும்ப எடுத்தால் முன்னேற்றம் தெரியும்.

இந்தக் கணக்கின் மீது எழும் தீர்மானங்கள் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டும். நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஊராட்சிகளுக்கு ஏற்ப வகுத்த ஒன்பது கருப்பொருள்களில் 'தூய்மையான, பசுமையான கிராமம்' ஒன்று என்பதால் அதற்கு இடமும் உள்ளது. ஊராட்சியின் சக்திக்கு மீறிய பணிகளை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்குக் கொண்டுசெல்லலாம். தூசு, புகை, வெள்ளம் என்று தனித்தனியாக எழும் குறைகளை ஒரே திட்டமாக இணைத்து, நிதி எங்கே உள்ளதென்று அறிந்து, ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் ஊராட்சியால் தன் மக்களின் மூச்சையும் பிழைப்பையும் ஒருசேரக் காக்க முடியும்.